வாளியில் குறைந்த மூன்று விரல் தண்ணீர்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மதில் சுவருக்கு மேலே கிடைத்தது. தென்னாப்பிரிக்காவில், பெனோனியில் எங்கள் தெரு மதில்கள் எல்லாம் ஆளுயரம். துணி காயப்போடும்போது எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டு நீச்சல்குளம் பாதி தெரியும். மீதிப் பாதிக்குக் காலி பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து ஏறி நிற்க வேண்டும். ஏறி நின்றிருக்கிறேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

விஷயம் சின்னதுதான். குளம் பழுது பார்ப்பவன் ஒருவனுக்கு வீட்டுக்காரம்மா ஒருத்தி தர வேண்டிய பத்தாயிரத்து அறுநூறு ராண்ட். அதோடு அவன் பெயர். இரண்டுக்கும் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிவு தெரிந்துவிடும். இப்போது மணி இரண்டரை.

தமிழில் எழுதுவது மொழிப்பற்றால் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் கௌரவமாக இருக்கும். (வேறு காரணமும் உண்டு. சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.)

2

தொடக்கங்கள்.

"ஆகஸ்ட் மாதத்து வறண்ட காற்று இலையில்லாத ஜகரண்டா மரங்களை ஆட்டி —" [வேண்டாம். காற்றில் தொடங்கும் கதைகளை நானே இரண்டாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுவேன்.]

"மொகெட்சி ஒரு ஏமாற்றுக்காரன்." நல்ல வெட்டான வரி. என்ன, பொய். பதினாறு வருடமாக எங்கள் நாலு தெருக் குளங்களையும் பார்க்கிறவன். பம்ப்பில் கோளாறே இல்லை, உள்ளே பல்லி செத்துக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் காசு வாங்காமல் போனவன்.

"ரோனெல் கிரேலிங்குக்கு ஈவிரக்கம் கிடையா —" [இதுவும் பொய். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் சூப் கொண்டுவந்து கொடுத்தவள். உப்புதான் இருக்காது.]

கெட்டவர்கள் இல்லாமல் கதை எழுதுவது பெரிய தலைவலி. பக்கத்து வீட்டு ரோனெல் ஆரம்பப் பள்ளி ஒன்றில் அலுவலக வேலை பார்க்கிறாள். எதையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைப்பாள். நான் மூன்று வருடத்துக்கு முன்னால் இரவல் வாங்கின ஏணி கூட அதில் இருக்கிறது. மொகெட்சி எதையும் எழுதிவைக்க மாட்டான். வாய்வார்த்தை போதும் என்பான். இப்படி இரண்டு பேர் ஒரு குளத்தின் கரையில் சந்தித்தால் கதைக்காரன் சும்மா இருந்தாலே போதும்.

சும்மாதான் இருந்தேன். அதுதான் பிரச்சினை.

3

குளத்தில் தண்ணீர் தினமும் இறங்குகிறது என்று ரோனெல் கூப்பிட, புதன்கிழமை மொகெட்சி வந்தான். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"மேடம், காத்துல ஆவியாப் போகுதா, எங்கயாவது ஒழுகுதான்னு முதல்ல பாக்கணும். ஒரு வாளியில தண்ணி ரொப்பி குளத்துப் படியில வைங்க. வாளிக்குள்ள ஒரு கோடு, குளத்துச் சுவர்ல ஒரு கோடு. ஒரு நாள் முழுக்கத் தொடாதீங்க. ரெண்டும் ஒரே அளவு இறங்குனா ஆவிதான், ஒழுகல் இல்ல. குளம் மட்டும் அதிகமா இறங்குனா ஒழுகுதுன்னு அர்த்தம்."

"இதுக்கு எவ்வளவு?"

"வாளி உங்களோடது, தண்ணி உங்களோடது. நான் எதுக்கு மேடம் காசு கேக்கப்போறேன்?"

"இரு, எழுதிக்கிறேன்."

எழுதிக்கொண்டாள். ஒழுகினால் பழுது பார்க்க என்று முன்பணம் நாலாயிரம் கொடுத்தாள். திங்கட்கிழமை காலை வேலைக்கு வருவதாகப் பேச்சு. குப்பை அள்ளும் வலையைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

* வாளியில் குளத்துத் தண்ணீரைத்தான் ரொப்ப வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாது. ரோனெல் சனிக்கிழமை காலை தோட்டத்துக் குழாயைத் திறந்து குடிதண்ணீரை ரொப்பினாள். இது நினைவில் இருக்கட்டும்.

ஞாயிறு காலை பார்த்தால் வாளியில் மூன்று விரல் குறைந்திருக்கிறது, குளத்திலும் மூன்று விரல். படம் எடுத்தாள், மொகெட்சிக்கு அனுப்பினாள்: "இரண்டும் ஒரே அளவு. ஒழுகல் இல்லை. வேலை வேண்டாம்." மொகெட்சி ஞாயிறு முழுக்கத் தேவாலயத்தில் இருப்பான், போனை அணைத்துவிடுவான். இது நாலு தெருவுக்கும் தெரியும். ரோனெலுக்கும் தெரியும். அனுப்பியாகிவிட்டது என்று நோட்டில் எழுதியதும் அவளுக்கு அது போய்ச் சேர்ந்தது மாதிரிதான்.

திங்கள் ஏழு மணிக்கு அவன் வந்து மணி அடித்தான். ரோனெல் பள்ளியில் இருந்தாள். இங்கே வெளிக்கதவு மணி வீட்டுக்காரர் போனில்தான் ஒலிக்கும், கேமராவில் வந்தவர் முகமும் தெரியும். போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும். வலையை எடுக்க வந்திருக்கிறான் என்று நினைத்து அழுத்தினாள். கதவு திறந்ததும் வேலைக்குச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

தரைக்கு அடியில் போகும் குழாயில் அழுத்தம் ஏற்றிப் பார்த்திருக்கிறான். பத்தே நிமிடத்தில் அளவுமானியின் முள் கீழே விழுந்துவிட்டது. செங்கல் தளத்தைப் பெயர்த்து, முழங்கால் ஆழம் தோண்டி, பனைவேர் புகுந்து கீறிய இணைப்பை வெட்டி எடுத்து, புதிதாகப் போட்டு, மண்ணை மூடி, செங்கல்லை மறுபடி பதித்துவிட்டு நாலு மணிக்குத்தான் போனைத் திறந்திருக்கிறான்.

4

சண்டை அன்று சாயங்காலம் வெளிவாசலில் நடந்தது, நான் அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன். டப்பா தேவைப்படவில்லை, தெருவுக்கே கேட்டது.

"நான் வேண்டாம்னு எழுதியிருந்தேன்ல?"

"கதவைத் தொறந்து விட்டீங்களே, மேடம்!"

"வலையை எடுக்க நீ வந்திருக்கன்னு நெனச்சேன்."

"வலை எடுக்க எவனாவது மண்வெட்டியோட வருவானா?"

"கேமராவுல உன் மூஞ்சிதான் தெரிஞ்சது, மண்வெட்டி தெரியல."

ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையிலிருந்து அந்தப் பழைய இணைப்பை எடுத்துக் காட்டினான். "இதப் பாருங்க. வேர் இன்னும் உள்ள சிக்கியிருக்கு."

"இந்த மாதிரி உன் வண்டியில அம்பது கிடக்கும். எந்த வீட்டுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"மேடம், பதினாறு வருஷமா..."

"பதினாறு வருஷம் இருக்கட்டும். புதன்கிழமை நீ என்ன சொன்ன? ரெண்டும் ஒரே அளவு இறங்குனா ஒழுகல் இல்ல. சொன்னியா இல்லியா? தேதி போட்டு வெச்சிருக்கேன்."

அவன் இணைப்பைத் திரும்பப் பைக்குள் போட்டான். அவன் சொன்னதுதான், அதில் ஒரு வார்த்தை மாறவில்லை.

சரி, பழுது பார்த்த பிறகு தண்ணீர் இறங்குவது நின்றதா என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. ரோனெல் செவ்வாயன்றே குளத்துக்கு மூடி போட்டுவிட்டாள், மறுநாள் மழையும் பெய்தது. அதனால் யாருக்கும் தெரியாது.

அந்த வாரமே தெரு வாட்ஸப் குழுவில் வாளிப் படத்தோடு எழுதினாள்: "மொகெட்சி ஒழுகாத குளத்தைத் தோண்டுகிறவன். கவனமாக இருங்கள்." குளிர்காலம் முடிந்து செப்டம்பரில்தான் இங்கே எல்லோரும் குளத்தைத் திறப்பார்கள், அவனுக்கு வருடத்துச் சாப்பாடே அந்த ஒரு மாதம்தான். பதினொரு வீட்டுக்காரர்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கியர் பெட்டி போன அவனுடைய பிக்கப் வண்டி மெக்கானிக் கொட்டகையில் நிற்கிறது, காசு கட்டாமல் எடுக்க முடியாது. அவன் சிறு வழக்கு நீதிமன்றத்தில் மனு கொடுத்தான். அங்கே வக்கீல் கிடையாது. இரண்டு பேரும் நேரில் பேச வேண்டும், சாட்சி இருந்தால் கூட்டிவரலாம்.

5

ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரன். கதையில் அவனுக்கு என்ன வேலை? துணி காயப்போடுகிறான், எட்டிப் பார்க்கிறான், யார் பக்கமும் சாயாமல் நக்கலாக ஏதாவது சொல்கிறான். முதல் பிரதியில் அவனை வெட்டியே விட்டேன். கதை கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் போனால் அவனுடைய நாயும் போய்விடும். நாய் போனால் —

[எழுதுடா. இத்தனை தூரம் வந்துவிட்டு என்ன.]

நாய் என்னுடையது. பெயர் ஊறுகாய். ரோனெல் வாயில் அது நுழையாது, "ஊரி" என்பாள். கன்றுக்குட்டி உயரம், கழுத்துக்கு மேலே ஒன்றும் கிடையாது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே மதிலில் ஒரு கான்கிரீட் பலகை அடியில் உடைந்திருந்தது. அதை அடைக்கச் சொல்லி ரோனெல் மூன்று தரம் சொன்னாள். கடைசி தரம் ஊறுகாய் அவளுடைய கிழங்குப் பூச்செடிகளைத் தோண்டிப் போட்டிருந்தது. "வேலு, இன்னொரு தடவை இங்க வந்துச்சுன்னா விலங்கு பிடிக்கிறவங்களக் கூப்பிட்டுருவேன். சும்மா சொல்லல," என்றாள். நோட்டிலும் எழுதியிருப்பாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் இல்லை. நான் டப்பா மேல் நிற்கிறேன். ஊறுகாய் குளத்தங்கரையில் முன்காலை மடக்கிக்கொண்டு வாளிக்குள் மூஞ்சியை விட்டுக் குடிக்கிறது. குளத்துத் தண்ணீரை அது நாக்கால்கூடத் தொடாது, மருந்து வாடை ஆகாது. இது குழாய்த் தண்ணீராயிற்றே, சளப் சளப்பென்று குடித்தது. விசில் அடித்தேன். திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் குடித்தது. சாயங்காலம் இன்னொரு தரம் போனது.

வாளி எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். புதன்கிழமைப் பேச்சு முழுக்கக் கேட்டவன் நான். தெரியும். குளம் ஒழுகி மூன்று விரல் இறங்கியது, வாளி ஊறுகாய் குடித்து மூன்று விரல் இறங்கியது. "விடு, பாவம் அந்தம்மாவுக்குத் தோண்டுற செலவு மிச்சம்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாயைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. வாசலில் சண்டை நடந்த மறுநாள் சிமென்ட் குழைத்து அந்த ஓட்டையை அடைத்தேன். இரண்டு வருடமாகச் செய்யாத வேலை, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது.

தமிழில் எழுதுவதன் காரணமும் இதுதான். எங்கள் தெருவில் இதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

6

மனு கொடுத்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மொகெட்சி என் வீட்டுக்கு வந்தான். ஷேர் வேனில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து, கையில் அதே ரொட்டிப் பை.

"ஐயா, நீங்க பக்கத்து வீடு. நான் தோண்டுனப்போ குழாய் பீச்சுனதப் பாத்தீங்களா?"

"அந்தத் திங்கக்கிழமை பகல்ல நான் வீட்ல இல்லப்பா." (நிஜம். அதனால்தான் சட்டென்று வந்தது.)

"அப்ப சனிக்கிழமை? அந்த வாளிய யாராவது தொட்டாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவனே பேசினான். "எனக்கு அதான் ஐயா புரியல. ஒழுகுற குளம் வாளிக்குச் சமமா இறங்கி நான் பாத்ததே இல்ல. பணம் போனாப் போகட்டும், உழைச்சு வாங்கிக்கலாம். என் கை தப்பா, வாளி தப்பா, அது தெரிஞ்சாப் போதும். இப்பல்லாம் வேற வீட்டுக் குழாயில முள்ளு இறங்குனாக்கூட எனக்கு நம்பிக்கை வரமாட்டேங்குது."

ஊறுகாய் வந்து அவன் முழங்காலை முகர்ந்தது. நாக்கு வெளியே தொங்கியது. அவன் தன் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினான். அது நக்கிக் குடித்தது.

"நல்ல தாகம் போல," என்றான்.

"யாரும் தொட்ட மாதிரி தெரியலப்பா," என்றேன்.

7

முடிவுகள். எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அ. விசாரிப்பவர் அந்த வாளிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். செங்கல்லில் ஈரமான நாய்க்கால் தடம். (இல்லை. நான் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை.)

ஆ. ரோனெல் இன்னொரு தரம் வாளி வைத்துப் பார்க்கிறாள், இந்தத் தரம் ஊறுகாய் கையும் களவுமாகப் பிடிபடுகிறது. (ஓட்டையைத்தான் அடைத்துவிட்டேனே.)

இ. மொகெட்சி தோற்கிறான். ஆனாலும் மனம் தளராமல் வேறு ஊருக்குப் போய் அங்கே — [இதை எழுதக் கை கூசுகிறது.]

மூன்றிலும் ஒரே கோளாறு. எதிலும் நான் வாயைத் திறக்கவில்லை.

8

மணி நாலு ஐந்து. ரோனெல் இப்போதுதான் காரை எடுத்தாள். நோட்டு பக்கத்து இருக்கையில் இருந்தது. கண்ணாடியை இறக்கி, "வேலு, இன்னிக்குத்தான் கேஸ். வாழ்த்து சொல்ல மாட்டியா?" என்றாள்.

"நல்லபடியா நடக்கட்டும்," என்றேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

இங்கிருந்து நீதிமன்றத்துக்கு இருபது நிமிடம். கதைக்குக் கடைசியாக ஒரே வரிதான் பாக்கி: வாளித் தண்ணீரைக் குடித்தது என் நாய், நான் பார்த்தேன். இதோ, எழுதிவிட்டேன். உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மொகெட்சிக்கு இதனால் பைசா பிரயோஜனம் இல்லை. அந்த அறையில் எழுந்து நின்று, அவர்கள் இரண்டு பேருக்கும் புரிகிற மொழியில் சொன்னால்தான் அது கடைசி வரி.

ஒன்று கவனித்திருப்பீர்கள். பாதியில் விட்ட வாக்கியங்களுக்கெல்லாம் பக்கத்திலேயே காரணம் எழுதியிருக்கிறேன். இனிமேல் ஒன்று காரணம் இல்லாமல் நின்றால், நான் எழுந்து போய்விட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம். எழுத அலுத்துப்போய் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். என்னை இவ்வளவு தூரம் பார்த்தவர்கள் நீங்கள்தான், உங்களுக்கே தெரியும். ஆனால் வரி நீண்டுகொண்டே போனால் ஒன்று நிச்சயம், நான் இன்னும் போகவில்லை.

நாலு பன்னிரண்டு. கார் சாவி மேசையில் இருக்கிறது. ஊறுகாய் காலி கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்துவிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டு