சரிங்கையாவுக்கு மலாயில் என்ன?

மரியராஜ் சாட்சிக் கூண்டில் ஏறியபோது அவருக்குப் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி மரத்துக் கிடந்தது மனசு. இராணுவத்தில் இருபத்தொரு வருஷம் தமிழுக்கும் மலாய்க்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, போன வருஷக் கடைசியில் ஓய்வு பெற்றுப் பாடாங் செராயில் வந்து உட்கார்ந்தவர். இன்று அவர் வாயிலிருந்து வரப்போவதை வைத்துத்தான் இருளப்பன் வீட்டுக்குப் போவதா, பல வருஷம் உள்ளே கிடப்பதா என்று முடிவாகும்.

இருளப்பன் புக்கிட் செலம்பாவ்காரர். மரியராஜ் வேலை பார்த்த இராணுவ முகாமில் புல் வெட்டும் கூலி. ஒருநாள் முகாமில் தோட்டாப் பெட்டி ஒன்றைக் காணோம். அன்றைக்கு அந்தப் பக்கம் புல் வெட்டியவர் அவர்தான். பிறகென்ன, இவ்வளவு வாகாக வேறு ஆள் கிடைக்குமா? போலீசுக்குச் சொல்வதற்கு முன்பே முகாமின் மேஜர் அவரைப் பிடித்து மூன்று நாள் விசாரித்தார். இருளப்பனுக்கு மலாய் மொழி, பசாரில் மீன் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். அதனால்தான் அப்போது வேலையில் இருந்த மரியராஜைக் கூப்பிட்டார்கள்.

மேஜர் முரடர் இல்லை. ஒரு அறைகூட விழவில்லை. சுவரைப் பார்த்து நிற்கவைத்தார், தூங்கவிடவில்லை, விளக்கை அணைக்கவில்லை, ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார், அவ்வளவுதான். கை வைக்காதவரை சட்டம் நம் பக்கம் என்பது அவர் நினைப்பு. அடேயப்பா, என்ன நினைப்பு! நின்று நின்று அந்த மனுஷனின் கால் பூசணிக்காயாய் வீங்கியதைச் சட்டம் எந்தக் கணக்கில் சேர்க்கும்?

மூன்றாம் நாள் மேஜர், பெட்டியை எடுத்து ரப்பர் காட்டில் புதைத்தது நீதான் என்றார். மரியராஜ் அதைத் தமிழில் சொன்னார். இருளப்பன் சுவரைப் பார்த்தபடியே, "சரிங்கையா" என்றார். மரியராஜ் அதை "பெத்துல்" என்று மலாயில் சொல்லி, அப்படியே எழுதியும் கொடுத்தார். பெத்துல் என்றால் உண்மைதான் என்று அர்த்தம்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்த மரியராஜுக்குச் சரிங்கையா என்றால் என்னவென்று தெரியாதா? வேலை வாங்கும் மண்டோர் ஏசினாலும் சரிங்கையா, மேனேஜர் வேலையை விட்டுத் துரத்தினாலும் சரிங்கையா. காதில் விழுந்தது, மேலே சொல்லுங்கள் என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. செர்டாங் தோட்டத்தில் மரியராஜின் அப்பா ஆயுசு முழுக்க அதைச் சொல்லியே காலம் தள்ளினார். தெரிந்துதான் மரியராஜ் பெத்துல் என்றார். சிப்பாய்கள் ரப்பர் காட்டில் நாலு இடத்தில் தோண்டிப் பார்த்தார்கள். வேரும் மண்புழுவும்தான் வந்தன. பெட்டி இன்றுவரை கிடைக்கவில்லை, ஆனாலும் வாக்குமூலம் மட்டும் பத்திரமாகக் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் இருளப்பனின் வக்கீல் நளினி மரியராஜ் வீட்டுக்கு வந்தார். அந்த வாக்குமூலம் சுயமாகக் கொடுத்தது இல்லை என்று தெரிந்தால் நீதிபதி அதைத் தள்ளிவிடுவார், அது போனால் வழக்கில் வேறு சரக்கே இல்லை என்றார்.

"அந்த ரூம்ல தமிழ் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான்லா, அங்கிள். நீங்க சொன்னாதான் உண்டு."

மரியராஜின் மனைவி ரோசம்மா, பட்டாளத்துக்காரர்கள் சும்மா விடுவார்களா என்று அடுக்களையில் முணுமுணுத்தாள். மரியராஜ் வருகிறேன் என்றார். துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். மறுப்பதற்கும் மனசில் கொஞ்சம் சூடு வேண்டுமே, அதுகூட அவரிடம் இல்லை.

கூண்டில் அவருக்கு முன் மேஜர் ஏறி, இரண்டு நாள் வாயே திறக்காதவன் மூன்றாம் நாள் திறந்தான், முறை பலித்தது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மரியராஜ் அதை மறுத்தார். முதல் நாளிலிருந்தே எடுக்கவில்லை என்றுதான் இருளப்பன் சொன்னார், அதை யாரும் எழுதச் சொல்லவில்லை என்றார். பிறகு சரிங்கையா என்றால் என்னவென்று விளக்கினார். தெரிந்துமா பெத்துல் என்று எழுதினீர்கள் என்று நீதிபதி கேட்டார். ஆமாம், இருளப்பனுக்கு உட்காரவேண்டும் போலிருந்தது, எனக்கு வீட்டுக்குப் போகவேண்டும் போலிருந்தது என்றார் மரியராஜ்.

வாக்குமூலம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அரசுத் தரப்பும் வழக்கைக் கைவிட்டது. நளினி ஓடிவந்து மரியராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கியது வேறு யாருடைய கையோ போல இருந்தது அவருக்கு.

வராந்தாவில் இருளப்பனின் மனைவி செல்லாயி வழியில் நின்றாள். ஏசப்போகிறாள், வாங்கிக்கொள்வோம் என்று மரியராஜும் நின்றார். அவள் ஏசவில்லை.

"அந்த மூணு நாளும் நீங்க கூடவே இருந்தீங்களாண்ணே?"

"இருந்தேன்மா."

"தண்ணி கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீங்க என்னா செஞ்சீங்க?"

மரியராஜ் யோசித்துப் பார்த்தார். அன்று அவர் மேசைமேல் தண்ணீர் போத்தல் ஒன்று இருந்தது. கைக்கெட்டும் தூரம்தான்.

"மலாய்ல சொன்னேன்மா" என்றார்.