காயவிட்ட வயல்

“தண்ணியைத் திறந்துவிட்டது ஆர் எண்டு கேக்கிறன், அம்மா...”

“நான்தான். பயிர் நிக்கிற வயலை வெடிக்க விட்டுட்டு, ஊர்ச்சனம்...”

“ஊர்ச்சனத்தை விடுங்கோ. திங்கக்கிழமை ஆராய்ச்சி நிலையத்தாக்கள் வந்தால் என்னத்தைக் காட்டுறது?”

“ஒண்டையும் காட்டாத. அண்டைக்குத்தானே வங்கி நேர்முகம். அதுக்குப் போ.”

லக்சிகா வரம்பிலேயே குந்திவிட்டாள். விவசாயப் பட்டம் முடித்த பிள்ளை. எந்நேரமும் தண்ணீர் கட்டாமல், இடையிடையே காயவிட்டும் நெல் எடுக்கலாம் என்று வயலின் ஒரு துண்டில் செய்துகாட்டினால் நிலையம் அவளை வேலைக்கு எடுக்கும். ஆனால் வாய்க்காலை நம்பி வாழும் விசுவமடுவில், தண்ணீர் முறை வந்த பிறகும் ஒரு வயல் காய்ந்து கிடந்தால் அந்த வீட்டில் ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்றுதான் கதை. காலையில் அயல் வயல்காரர் வீரகத்தி வாய்க்கால் கரைக்கட்டில் சைக்கிளை நிறுத்தி, “தங்கச்சி, வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ?” என்று கேட்டுவிட்டார். தாய் ஜெகதீஸ்வரிக்கு முகம் கறுத்துப்போனது. அவர் போனதும் மடையை வெட்டி அந்தத் துண்டுக்குத் தண்ணீரை விட்டாள்.

“தண்ணி நிண்டால் என்ன வந்திடும்? இவ்வளவு காலமும் நிண்டதுதானே.”

“சேத்துக்குள்ள இருந்து ஒரு வாயு வருதம்மா. அது மேல போய் வெக்கையைக் கூட்டுது. மழை காலந்தவறிப் பெய்யிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.”

“எங்கட வயலில இருந்தோ? விசர்க்கதை.”

“வாங்கோ, காட்டுறன்.”

அவர்களுடைய பக்கத்துத் துண்டில் எப்போதும்போலத் தண்ணீர் நின்றது. லக்சிகா ஒரு போத்தலில் தண்ணீரை நிரப்பி, புனலைச் செருகி, வயல் தண்ணீருக்குள் கவிழ்த்துப் பிடித்தாள்.

“காலால உழக்குங்கோ.”

ஜெகதீஸ்வரி சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தாள். களை பிடுங்கும்போது காலைக் கூசவைக்கிற அதே குமிழிகள்தான். அவை ஏறஏறப் போத்தலுக்குள் தண்ணீர் இறங்குவதைப் பார்த்ததும், கேட்காமலே இன்னும் உழக்கினாள்.

பொழுது சாய்ந்திருந்தது. லக்சிகா போத்தலை மூடி நிமிர்த்தினாள். நெருப்புக்குச்சியை உரசிக்கொண்டு மூடியைத் திறந்தாள். நீலமாய் ஒரு சுவாலை எழும்பி, புக்கென்று அணைந்தது.

“இன்னொருக்காக் காட்டு.”

அடுத்த போத்தலுக்குக் குச்சியை ஜெகதீஸ்வரியே உரசினாள். புறங்கை மயிர் பொசுங்கியதுகூடத் தெரியவில்லை.

“இதில தேத்தண்ணி வைக்கலாமோ?”

“விடியுமட்டும் உழக்கினால் வைக்கலாம்.”

“காயவிட்டால் இது வராதோ?”

“நல்லாக் குறையும். எவ்வளவு குறையுது எண்டு பார்க்கிறதுதானம்மா அந்த வேலை.”

“நெல்லும் குறைஞ்சால்?”

“குறையாது எண்டுதான் சொல்லுகினம். எங்கட மண்ணில இன்னும் ஒருத்தரும் பார்க்கேல்ல.”

ஜெகதீஸ்வரி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், காலையில் வெட்டிய மடையை அடைத்தாள். பிறகு கீழ்வரம்பை வெட்டினாள். தண்ணீர் சலசலவென்று கழிவு வாய்க்காலுக்குள் இறங்கியது.

“திங்கக்கிழமை நீ இஞ்சயே நில்,” என்றாள், மகளைப் பார்க்காமல்.

வாய்க்கால் கரைக்கட்டில் மறுபடி சைக்கிள் நின்றது. வீரகத்தி ஒரு காலை ஊன்றியபடி எட்டிப் பார்த்தார்.

“தண்ணியை ஏன் தங்கச்சி வெளிய விடுறாய்? பிள்ளைக்குத்தான் விசர் எண்டால் உனக்குமோ?”

ஜெகதீஸ்வரி வெறும்போத்தலைத் தூக்கிக் காட்டினாள்.

“உங்கட வயலுக்கையும் நெருப்பிருக்கு அண்ணை. இறங்கி ஒருக்கா உழக்குங்கோவன், போத்தலை நான் பிடிக்கிறன்.”