நடுவில் என்ன உறவு

செயற்கைப் பல் செய்யும் எங்கள் பட்டறையில் ஒரு மேசைக்கு இரண்டு பேர். என் எதிரே உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் பக்தர் என்றுதான் கூப்பிடுவோம். வேலை தொடங்குமுன் சற்று நேரம் கண்ணை மூடுவார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன் இன்னொரு முறை. என்னைவிட இளையவர். என்னை "அண்ணே" என்பார்.

பக்தி உள்ளவர்களை நான் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். என்னைப் போன்றவர்களைத் திருத்த வருகிறவர்கள் ஒரு வகை. துரத்த வருகிறவர்கள் இன்னொரு வகை. பக்தர் எதில் சேர்த்தி என்று அறிய ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. அதனால் என் துணைவனைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் "வீட்ல" என்று சொல்லித் தப்பித்துவந்தேன். "வீட்ல கூப்பிடுறாங்க." "வீட்ல உடம்பு சரியில்ல." ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காத சொல் நம் மொழியில் இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய உபகாரம். கேட்பவர் மனத்தில் தானாக ஒரு மனைவி வந்து உட்கார்ந்துகொள்வாள்.

அவனுக்கு இதய வால்வில் அறுவை சிகிச்சை என்று முடிவானதும் விடுப்புக் கேட்க வேண்டியதாயிற்று. விஷயம் பக்தர் காதுக்கும் போனது.

"எங்க கூட்டத்துல சாயங்காலம் சேர்ந்து வேண்டிக்குவோம்ணே. அண்ணி பேரு சொல்லுங்க."

"பேரெல்லாம் எதுக்கு? பொதுவா வேண்டிக்குங்க."

"விலாசம் இல்லாம தபால் போடச் சொல்றீங்களே! பேரும் வேணும், வேண்டிக்கச் சொல்றவங்களுக்கு அவங்க என்ன உறவுன்னும் சொல்லணும். அதுதான் எங்க வழக்கம்."

நாளைக்குச் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவன் கட்டிலில் சாய்ந்தபடி வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கும்பிடுகிற வழக்கமே இல்லாதவன். சிரிப்பான் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"பேரச் சொல்லிடேன்."

"உனக்குத்தான் இதுலெல்லாம் நம்பிக்கையே கிடையாதே?"

"நெஞ்சப் பிளக்கப் போறது உனக்கா, எனக்கா? பயமா இருக்குடா. யாரோ நாலு பேரு என் பேரச் சொல்லிட்டுப் போகட்டுமே."

இத்தனை வருடங்களில் பயம் என்ற சொல் அவன் வாயில் வந்து நான் கேட்டதில்லை. பட்டறையிலோ மாறி உட்கார வேறு இடம் கிடையாது. பக்தர் முகம் சுளித்தால் அந்த முகத்தைப் பார்த்தபடியேதான் நாளெல்லாம் நான் வேலை செய்தாக வேண்டும். இரவெல்லாம் புரண்டுவிட்டு, மறுநாள் பெயரைச் சொன்னேன். 'ன்' என்று முடிகிற பெயர்.

பக்தர் மெழுகு செதுக்கும் கத்தியைக் கீழே வைத்தார். "அண்ணி பேரு கேட்டேண்ணே."

"அண்ணி இல்ல. இவன்தான்."

பக்தர் கத்தியை மறுபடி எடுத்துத் துணியில் துடைத்தார்.

"இது சரின்னு எனக்குப் படல. மறைச்சுப் பேச மாட்டேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்? எனக்கே இப்பத்தான தெரியும்!" என்றார். பிறகு, என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க. உங்கள மாதிரி ஆளுங்களுக்கு நிறம் பாக்கிற கண்ணு கூர்மைன்னு சொல்லுவாங்க. நீங்க போன வாரம் செஞ்ச முன்பல்லு மஞ்சக்கிழங்கு மாதிரில்ல இருந்துச்சு?"

"பக்தி உள்ளவங்க புறம் பேச மாட்டாங்கன்னு நானுந்தான் நெனச்சேன். அத முதலாளிகிட்டப் போட்டுக் குடுத்தது யாரு?"

அவருக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டார். "கடவுள்னாலே உங்களுக்கெல்லாம் கோவம் வரும்னு நெனச்சேண்ணே."

"அவர்கிட்ட எனக்கென்ன கோவம்? அவரோட ஆளுங்ககூடத்தான் வாய்க்கா தகராறு."

"சரி, உறவு என்னன்னு சொல்லட்டும்?"

"நண்பர்னு சொல்லிடுங்க." பழக்கதோஷம்.

"நண்பரா?"

"இல்ல."

"அப்ப கும்பிடுற இடத்துல நின்னு பொய் சொல்லச் சொல்றீங்களா?" குரல் நிஜமாகவே உயர்ந்துவிட்டது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். இதற்காக என்று எதிர்பார்க்கவில்லை. "வீட்டுக்காரர்னு சொல்ல எனக்கு வாய் வராது. நண்பர்னா பொய். நல்லா மாட்டி விட்டீங்கண்ணே."

அன்று முழுக்க அவருக்கு ஒரே வேலை. செதுக்குவார், நிறுத்துவார், என்னைப் பார்ப்பார், மறுபடி செதுக்குவார். என்ன முடிவு செய்தார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அறுவை சிகிச்சை அன்று காலை, மருத்துவமனை அறையில் இருந்தபோது பக்தரிடமிருந்து போன் வந்தது.

"உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. பக்கத்துலதான் இருக்கான்."

அவன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினான். "தம்பி, நான்தான். என்னன்னு சொல்லி வேண்டுனீங்க?" ஸ்பீக்கரில் போட்டான்.

பக்தர் தொண்டையைச் செருமினார். "ரெண்டு பேரு பேரையும் பக்கத்துல பக்கத்துல சொன்னேங்க. நடுவுல என்ன உறவுன்னு சொல்லல. ஒருத்தர் கேட்டாரு. அது சேர வேண்டிய இடத்துக்குத் தெரியும்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு அங்கேருந்து என்ன பதில் வந்துச்சு?"

"உடனே பதில் சொல்ற ஆள் இல்லீங்க அவரு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். நர்ஸ் வந்து, போனை வாங்கி என்னிடம் நீட்டினார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது. போன் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அண்ணே, போயிட்டாரா?"

"போயிட்டான்."

"அவரு எப்படிப்பட்ட ஆளு? எனக்குப் பேரு மட்டுந்தான தெரியும்."

கதவைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"பொறுமைங்கிறது துளிகூடக் கிடையாது," என்று தொடங்கினேன்.