காலையில் நான் நலம்

1

இந்தக் கதை ஒரு பண்டோங் ஐஸ் பொட்டலத்தில் தொடங்கியது. ரோஸ் சிரப்பும் பாலும் ஐஸும் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஸ்ட்ரா செருகி, ரப்பர் வளையம் போட்டுத் தருவார்களே, அதேதான். இன்னும் பெரிய விஷயத்தில் தொடங்க ஆசைப்பட்டேன். நோய், வாழ்க்கை, மனிதகுலம் என்று ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். மனிதகுலத்துக்கு என் வலது கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதால் அடித்துவிட்டேன்.

என் பெயர் நவமணி. மலேசியாவின் ஈப்போ நகரத்தில் கல்யாண விருந்துகளுக்கு அறிவிப்பாளர். இந்தப் பக்கத்து மண்டபம் எதிலாவது "சொந்தங்களே, தட்டைக் கொஞ்சம் விட்டுவிட்டு மேடையைப் பாருங்கள்" என்று ஒரு பெண்குரல் உங்களை மிரட்டியிருந்தால், அது நானாகத்தான் இருக்கும். மைக் பிடித்தவள் எழுத வந்தால் இப்படித்தான். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுவேன்.

போன மாதம் ஆரம்பித்த இந்தக் கதையை இன்று இதே நகரத்தின் சிலிபின் பகுதியில் ஒரு மண்டபத்தின் மேடைப் பக்க அறையில் உட்கார்ந்து முடிக்கப் பார்க்கிறேன். மணமக்கள் வந்ததும் எழுந்து போய்விடுவேன். ஒரு வருடத்துக்குப் பிறகு இது என் முதல் மேடை. இன்று குரல் தாங்கினால் தொழில் எனக்குத் திரும்பக் கிடைக்கும். தாங்காவிட்டால் யாரும் இன்னொரு முறை கூப்பிட மாட்டார்கள்.

2

தொடக்கங்கள் சில கைவசம் இருந்தன.

முதலாவது: "அவளுடைய கண் அந்திமந்தாரையைப் போல..." (அந்திமந்தாரை மாலையில் மலரும். என் கண் மாலையில் மூடும். அடித்தாயிற்று.)

இரண்டாவது: "பொழுது சாய்ந்ததும் என் வலது இமை மெல்ல மெல்ல" [இங்கே நின்றது. எழுதும்போதே இமை இறங்கி, ஒரு வரி இரண்டு வரியாகத் தெரிந்தது. இரண்டுமே சுமார்தான்.]

மூன்றாவது, காலையில் எழுதியது: "காலையில் எனக்கு ஒன்றும் இருக்காது. மாலை ஆக ஆக இமை இறங்கும். இட்லியை மெல்லவே தாடை சலித்துப்போகும். பேச்சு மூக்கு வழியாக வரும், வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல. தூங்கி எழுந்தால் பழையபடி நலம்."

அலங்காரம் இல்லை, ஆனால் உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு நம் ஆட்களுக்கென்று ஒரு முறை உண்டு. முந்தின நாள் நன்றாக ஓய்வெடுப்போம். விடியுமுன் எழுந்து குளித்து, பவுடர் பூசி, பொட்டு வைத்து, இருப்பதில் நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு போய் நம்பர் எடுப்போம். டாக்டர் முன்னால் நோயாளி கோலத்தில் உட்கார்ந்தால் அவர் என்ன நினைப்பார்!

இப்படியாக, நான் பார்த்த டாக்டர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தது என் நாளின் மிக நல்ல நேரத்தில். கண் டாக்டர் வறட்சி என்று சொட்டு மருந்து கொடுத்தார். மூக்கு டாக்டர் ஒவ்வாமை என்றார். மூன்றாமவர் என் குரலைக் கேட்டு, ரேடியோவில் பேசலாமே என்று பாராட்டிவிட்டு, மன அழுத்தம் என்று எழுதினார். "வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்றும் கேட்டார். நான் திரும்பி, கூடவே வந்து உட்கார்ந்திருந்த என் கணவர் கனகராஜைப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.*

(* தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, நேராக வண்டி ஓட்டி வந்தவர். இந்த அடிக்குறிப்பை அவரே கேட்டு வாங்கினார்.)

4

அடுத்து வருபவரைப் பற்றி எனக்கே சந்தேகம் உண்டு. இராமசாமி அண்ணன். பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய எஸ்டேட்டில், வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தபின் சாமியாடிக் குறி சொல்பவர். முதல் வரைவில் அவரைச் சுத்த ஏமாற்றுக்காரராக எழுதினேன். கை நிற்காமல் ஓடியது. அப்படி ஓடினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நடந்ததைச் சொல்கிறேன். அவர் விளக்கை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"என்னம்மா இது, ஒரு கண்ணு சாஞ்சு கெடக்கு. பேச்சும் இழுக்குது. உனக்கு நெசமாவே என்னமோ இருக்கும்மா."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். 'நெசமாவே' என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. பிறகு அவர் செய்வினை என்றார், எலுமிச்சம்பழம் வெட்டினார், முச்சந்தியில் போடச் சொன்னார். போட்டோம். மறுநாளும் இமை அதன் பாட்டுக்கு இறங்கியது.

அவர் சொன்ன காரணம் தப்பு. ஆனால் மாலையில் கடை திறப்பவர் என்பதால் அவருக்கு மட்டும் நோய் தரிசனம் கொடுத்தது. டாக்டர்களுக்குப் படிப்பு இருந்தது, பார்க்கத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. இது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

5

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். யுகேந்திரன் இருக்கிறான். விருந்து ஏற்பாட்டாளர். மேடை, விளக்கு, சாப்பாடு, அறிவிப்பாளர் எல்லாம் அவன் பொறுப்பு. போன வருடம் ஒரு விருந்தில் மாப்பிள்ளை வீட்டார் பெயர்களை நான் வாசிக்கும்போது நாக்கு குழறியது. ஒரு மேசையில் சிரித்தார்கள். யுகேந்திரன் மேடைக்குப் பின்னால் வந்தான்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. தண்ணி போட்டிருக்கீங்களா?"

"ஏன் தம்பி, காப்பியே ரெண்டு வாய்தான் குடிக்கிறவ நான்."

"ஆளுங்க பேசுறாங்கக்கா. என் பேரும் சேர்ந்து போவும்லா. கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்க."

(அவனை இன்னும் கெட்டவனாக எழுதலாம். ஆனால் இதைச் சொல்லும்போது அவன் தரையைத்தான் பார்த்தான். வில்லனாகத் தேறமாட்டான்.)

விருந்து முடியுமுன்னே கிளம்பிவிட்டோம். காரில் நான் அழுதுகொண்டே வந்தேன். கனகராஜ் சாலையோரக் கடையில் நிறுத்தி ஒரு பண்டோங் ஐஸ் வாங்கி வந்தார். புரையேறிவிடுமோ என்று பயந்து நான் குடிக்கவில்லை. எரிச்சலாக இருந்த வலது கண்மேல் பொட்டலத்தை வைத்து அழுத்திக்கொண்டேன். சற்று நேரம் கழித்து எடுத்தேன்.

"மணி, இங்க பாரு."

"என்னங்க?"

"கண்ணு தொறந்திருச்சுலா!"

கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கண்ணும் ஒரே அளவில் திறந்திருந்தன. இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் இமை மறுபடி இறங்கியது. இன்னொரு பொட்டலம் வாங்கினோம், திரும்பவும் திறந்தது. கடைக்காரருக்கு அன்று நல்ல வியாபாரம்.

6

டாக்டர் தர்சிகா என்ற பாத்திரத்தை முதல் வரைவில் தேவதையாக்கிவிட்டேன். நிஜத்தில் அவர் பசியோடு இருந்த ஒரு இளம் நரம்பியல் டாக்டர். மேசை இழுப்பறையில் பிஸ்கட் வைத்திருந்தார். எனக்குக் காலை நம்பர்தான். என் கோப்பு எங்கோ மாட்டிக்கொண்டதால் கடைசி ஆளாக, மாலையில் உள்ளே போனேன். அதுவரை என் வாழ்வில் வந்த அதிர்ஷ்டங்களில் அந்தத் தொலைந்த கோப்புக்குத்தான் முதலிடம்.

பண்டோங் விஷயத்தைச் சொல்ல எனக்கு வெட்கம். கனகராஜ் சொல்லிவிட்டார்.

"டாக்டர், சிரிக்காதீங்க. ஐஸ் வச்சா இவளுக்குக் கண்ணு தொறக்குது."

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "எந்தக் கண்ணு, அங்கிள்?"

என்னைக் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். மின்விசிறியைப் பார்த்தேன். வலது இமை இறங்கியது, பின்னாலேயே இடதும். சத்தமாக எண்ணச் சொன்னார். எண்ண எண்ணக் குரல் மூக்குக்குள் போய்விட்டது.

"ஆன்ட்டி, நீங்க காலையில வந்திருந்தா நானும் ஸ்ட்ரெஸ்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

ரத்தப் பரிசோதனை உறுதி செய்தது. மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பு தரும் கட்டளை தசைக்கு ஒழுங்காகப் போய்ச்சேராமல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடுக்கிறது. உழைக்க உழைக்கத் தசை சோர்ந்துவிடும். ஓய்விலும் குளிர்ச்சியிலும் கொஞ்சம் தேறும். பெயர்களை அறிவித்தே பிழைப்பவள் நான். என் நோய்க்கும் ஒரு பெயர் கிடைத்த அன்று நான் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

7

இந்த இடத்தில் ஒன்று, நோயாளி சாக வேண்டும், இல்லை ஞானம் பெற வேண்டும். கதைகளில் அதுதான் வழக்கம். நான் முறுக்கு தின்றேன். முதல் மாத்திரை போட்டு அரைமணி நேரத்தில் தாடைக்கு உயிர் வந்தது. சத்தம் கேட்கக் கேட்கத் தின்றேன். கனகராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.*

(* தூசி என்கிறார். அப்படியே இருக்கட்டும்.)

மறுநாள் வயிற்றைக் கலக்கியது. டாக்டர் அளவை மாற்றினார். எதிர்ப்புச் சக்தியை அடக்க இன்னொரு மருந்தும் வந்தது. அதில் முகம் உப்பி, சேலை கட்டி எடுத்த பழைய படங்களில் இருப்பவள் யாரோ ஆகிவிட்டாள். சரிப்படுத்த மாதங்கள் ஆயின. நோய் போகவில்லை. மாத்திரை சில மணி நேரம் தாங்கும், பிறகு இறங்கும். இறங்கும் நேரம் எனக்குத் தெரியும் என்பதுதான் வித்தியாசம். முன்பு நோய் என்னை ஆட்டிவைத்தது. இப்போது இருவரும் பேசி வைத்துக்கொண்டு வாழ்கிறோம்.

8

போன மாதம் யுகேந்திரன் கூப்பிட்டான். "அக்கா, அந்த நோயெல்லாம் எனக்குப் புரியல. நீங்க பேசினாத்தான் கூட்டம் அடங்குது. வாங்கலா." மன்னிப்பை அவன் அப்படித்தான் கேட்பான். வந்தேன்.

இப்போது சிக்கல். மாத்திரை நேரம் தவறாது. நம் கல்யாண விருந்தோ நேரத்துக்குத் தொடங்காது.

"தம்பி, எங்க இருக்காங்க?"

"வந்துக்கிட்டே இருக்காங்கக்கா."

அப்படியென்றால் மணப்பெண்ணுக்கு இன்னும் அலங்காரம் முடியவில்லை என்று அர்த்தம். மதியம் போட்டது இறங்கத் தொடங்கிவிட்டது. இந்த வரி லேசாக இரண்டாகத் தெரி

[இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.]

அடுத்ததைப் போட வேண்டிய நேரம் இதுதான். இதுவரை வெளியிடங்களில் கழிவறைக்குள் போய் ஒளிந்து போடுவேன். பையில் இருந்து எதையோ எடுத்து விழுங்குகிறாள் என்று பேச்சு வரக்கூடாதே.

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் குரல் மணியாக ஒலித்து மண்டபமே எழுந்து நின்றது. (கொஞ்சம் அதிகம்.) ஒன்றில் பெயர்ப் பட்டியலின் பாதியில் குழறியது, அதே மேசை சிரித்தது. மூன்றாவதில் இன்னொருத்தி மைக்கை வாங்கிக்கொண்டாள். அதை நான் முழுதாக எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

சற்று இருங்கள், வருகிறேன்.

*

வந்துவிட்டேன். மேடையேறி மைக்கைத் தட்டினேன். "சொந்தங்களே, மணமக்கள் வரக் கொஞ்ச நேரமாகும். எனக்கு ஒரு தசை நோய் இருக்கிறது. அதற்கு மாத்திரை போட்டுக்கொள்ளப் போகிறேன். அது வேலை செய்வதற்குள் அவர்கள் வந்துவிட்டால் பழி அவர்கள்மேல்." சொல்லும்போதே குரல் கொஞ்சம் மூக்குக்குப் போனது. போகட்டும் என்று விட்டேன். சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு. யாரும் கேட்காமலே யுகேந்திரன் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து, நான் விழுங்கி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றான். முன்வரிசை மேசையில் கனகராஜ், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, மடியில் ஒரு பண்டோங் பொட்டலத்தோடு.

வெளியே மேளம் கேட்கிறது. கடைசிப் பெயர்வரை குரல் தாங்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுதமாட்டேன், காகிதத்தில் குரல் கேட்காது. அதனால் முடிவை உங்கள் வாயில் வைக்கிறேன். மணமக்கள் வந்ததும் நான் மேடையில் சொல்லப்போகும் முதல் வார்த்தைகள் கீழே. நீங்கள் இருக்கும் இடத்திலேயே சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். உதடு, நாக்கு, அண்ணம், தாடை எல்லாம் சொன்னபடி கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டே சொல்லுங்கள்.

"அனைவருக்கும் இனிய மாலை வணக்கம். நான் நவமணி பேசுகிறேன்."