கலேவெலயிலிருந்து வந்த கடிதம்

பலாபத்வலச் சந்தியில் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் றுஸைனா அறை எடுத்து எட்டு மாதமாகிவிட்டது. அதற்கும் மேல்மாடியில் டியூஷன் வகுப்பு நடந்தது. படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து உட்காருவாள். சத்தம் அவளுடைய கதவைத் தாண்டி மேலே போய்விடும்.

மலேசியாவில் படித்து கைரோபிராக்டர் ஆனவள். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையாலேயே இளக்கிச் சீர்படுத்தும் வைத்தியம் அது. ஊரில் அந்தப் பெயரே யாருக்கும் வாயில் நுழையவில்லை. சிலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் நாட்டு வைத்தியர், வெதமாத்தயாவின் மகளா என்று கேட்டார்கள். சிலர் மசாஜ் என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதிரிப் பார்த்தார்கள். உம்மா மவுத்தான பிறகு மாத்தளை வீட்டில் அவள் மட்டும்தான். தம்பி றுஸ்தி கட்டாரில் இருந்தான். காலையில் பஸ் கண்டக்டரிடம் "பலாபத்வல" என்று சொல்வதும், மாலையில் "மாத்தளை" என்று சொல்வதுமே சில நாள்களில் அவள் பேசிய மொத்தப் பேச்சு.

குடும்ப டொக்டர்மார் அனுப்பினால்தான் ஆள் வரும் என்று புரிந்தபோது, நாவுலயிலிருந்து கலேவெல வரை பதினொரு பேருக்குக் கடிதம் எழுதினாள். எவருமே பதில் போடவில்லை.

ஆகவே, அந்தச் செவ்வாய்க்கிழமை செருப்புச் சத்தம் அவளுடைய கதவடியில் நின்றபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஐம்பத்தெட்டு வயதிருக்கும் ஒரு பெண், மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைத் தாங்கிப் பிடித்தபடி நின்றாள்.

"கலேவெல ஆறுமுகநாதன் டொக்டர் அனுப்பினாரு, மகள். கையாலயே எடுத்து விடுவீங்களாமே."

பெயர் அபீபா என்றாள். அவள் நீட்டிய உறையில் இரண்டே வரி இருந்தது. மூன்று மாதமாக முதுகுவலி, மாத்திரைக்குக் கேட்கவில்லை, உங்கள் சிகிச்சைக்காக அனுப்புகிறேன். கீழே கையெழுத்தும் முத்திரையும். றுஸைனா அதை மூன்று முறை வாசித்தாள். அந்த இரண்டு வரியைச் சட்டம் போட்டு மாட்டலாம் போலிருந்தது.

"உக்காருங்க சாச்சி. படுத்தா வலி குறையுமா?"

"எங்க குறையுது? படுத்தாத்தான் கூட. சுபஹுத் தொழுகைக்கு முந்தியே எழும்பிக் குந்திக்கிட்டு இருப்பேன்."

"காய்ச்சல் வருமா?"

"அந்திக்கு லேசா மேல் சுடும். அது வயசுக்கு."

"மெலிஞ்சிருக்கீங்களா?"

அபீபா சட்டையின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு பக்கமும் ஒரு விரலளவு உள்ளே பிடித்துத் தைத்திருந்தது. "போன மாசந்தான் தச்சேன். இப்ப திரும்பவும் தொளதொளங்குது."

றுஸைனா முதுகெலும்பை மேலிருந்து கீழாக விரல் முட்டியால் மெல்லத் தட்டிக்கொண்டு வந்தாள். நடுமுதுகில் ஓரிடத்தில் தட்டியதும் அபீபா "அல்லாஹ்" என்று துள்ளினாள். வலது காலின் பெருவிரலை உயர்த்தச் சொன்னாள். விரல் பாதிவரைதான் எழும்பியது.

இது கை வைக்கக்கூடிய முதுகு இல்லை. எலும்புக்குள் ஏதோ தின்றுகொண்டிருந்தது. அழுத்தினால் உடைந்தாலும் உடையும்.

"சாச்சி, இதுக்கு நான் வைத்தியம் செய்யக் கூடாது. முதல்ல ஸ்கேன் எடுக்கணும். டொக்டருக்குக் கடிதம் தாறேன்."

அபீபாவின் முகம் வாடிப்போனது. "அவ்வளவு தூரத்துல இருந்து வந்தேனே. லேசா அமுக்கி விட்டாப் போதும், மகள். அவரு மவுத்தான பொறகு என் முதுகுல ஒரு ஆள்ட கை பட்டதில்ல."

றுஸைனாவின் கைகள் அவளுடைய மடியிலேயே கிடந்தன. பதினொரு கடிதத்துக்குக் கிடைத்த ஒரே பதிலை அவள் திருப்பி அனுப்புகிறாள். அழுத்துவது போலத் தடவிவிட்டு, மறுகிழமையும் வரச் சொன்னால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்ததற்காகவே வெட்கப்பட்டு, எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்தாள்.

"டொக்டர், பலாபத்வலயில இருந்து றுஸைனா பேசுறேன். அபீபா சாச்சியத் திருப்பி அனுப்புறேன்."

"ஏன்? செய்யச் சொல்லித்தானே அனுப்பினனான்?"

"அந்திக்குக் காய்ச்சல் இருக்கு டொக்டர். மெலிஞ்சிருக்காங்க. கால் விரல்ல பலமில்ல. எம்ஆர்ஐ எடுக்காம நான் கை வைக்க மாட்டேன்."

"பிள்ளை, நான் இருபத்தாறு வருசமா முதுகு பாக்கிறன்."

"தெரியும் டொக்டர். எடுத்துப் பாத்து ஒண்ணுமில்லைன்னா நானே வந்து மன்னிப்புக் கேக்குறேன்."

தொடர்பு அறுந்தது.

தான் கண்டதை மட்டும், யாரையும் குறை சொல்லாமல், ஒரு பக்கத்தில் எழுதி உறையில் போட்டாள். அபீபாவைப் பிடித்துப் படியிறக்கி, கலேவெல பஸ் வரும்வரை கூடவே நின்றாள். யன்னலோரம் உட்கார்ந்த அபீபா திரும்பிப் பார்க்கவேயில்லை.

பிறகு ஐந்து வாரம் ஒருவரும் வரவில்லை. அவர் மற்ற டொக்டர்மாரிடமும் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். துடைத்த கட்டிலையே திரும்பத் துடைத்தாள். அறையை விட்டுவிடலாமா என்று கேட்கக்கூட ஆளில்லாமல், தானே கேட்டுத் தானே பதில் சொன்னாள்.

ஆறாவது வாரம், பகல் மூன்று மணியளவில் தொலைபேசி அடித்தது.

"ஆறுமுகநாதன் கதைக்கிறன், பிள்ளை." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அபீபாவுக்கு எலும்புக் காசம். கண்டியில வைச்சு மருந்து குடுக்கினம். கால் தப்பீற்று. இன்னும் ஒரு மாசம் போயிருந்தா எழும்பியிருக்க மாட்டா எண்டு சொன்னவை."

றுஸைனா கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள்.

"மூண்டு மாசம் வலிக்குளிசை குடுத்தனான். காய்ச்சல் இருக்கோ எண்டு ஒரு நாளும் கேக்கேல்லை. அண்டைக்குக் கோவத்தில போனை வைச்சிட்டன். பிறகு உங்கட கடிதத்தை வாசிச்சிட்டு அடுத்த நாளே கண்டிக்கு அனுப்பினன். இஞ்சை நான் தனியாள். பிழையெண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. அதுவே பழகிப் போச்சு."

"எனக்கும் அப்பிடித்தான் டொக்டர்."

"தோள்மூட்டு வலியோட ஒராள் இருக்கிறார். காய்ச்சல் எல்லாம் கேட்டிட்டன்." அவர் சிரிக்க முயன்றது தெரிந்தது. "வியாழக்கிழமை அனுப்பட்டோ?"

"அனுப்புங்க."

தொலைபேசியை வைத்தபின் எழுந்து யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். யாரிடமாவது உரக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது. இரும்புக்கடைக்காரரிடம் சொன்னால் யார் அபீபா என்று கேட்பார். முதலிலிருந்து தொடங்க வேண்டும். றுஸ்திக்கு நீளமாக எழுதி அனுப்பினாள், அபீபாவின் கால் விரலிலிருந்து டொக்டரின் செருமல்வரை ஒன்றும் விடாமல். அவன் வேலையில் இருப்பான்.

ஐந்து மணிக்கு அறையைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். "மாத்தளை" என்றாள். வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டு, பகல் சோற்றைச் சூடாக்கித் தட்டில் போட்ட பிறகுதான் றுஸ்தியின் பதில் வந்தது. பெருவிரலை உயர்த்திக் காட்டும் கையின் ஒரு சின்னப் படம். அதையே பார்த்துக்கொண்டு அவள் சாப்பிட்டாள்.