கிராணியின் அடிச்சாக்கு

ரிங்லெட் ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி இருளப்பன். சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். எந்தச் சாக்கு வந்தாலும் முழங்கைவரை கையை விட்டு அடிமூலையைத் துழாவுவார். கல் இருக்கும், நேற்றைய இலை இருக்கும். ஒன்றுமே இல்லையென்றால், ஏன் இல்லை என்ற சந்தேகம் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவரின் தலையணையில் ஒரு புதன்கிழமை காலை சோளமணிகள் கிடந்தன, நிறம்கூட மாறாமல்.

மனைவி சீதா அவற்றை உள்ளங்கையில் வைத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நான் சோளம் அவிச்சு ஒரு மாசம் ஆச்சு. இது எந்த வீட்டுச் சோளம்?"

"ஞாயித்துக்கிழமை கியா பார்ம் சந்தையில ஒண்ணு தின்னேன்."

"யாரு கடையில?"

இருளப்பன் போர்வையை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். "குமுதா கடையில."

குமுதாவை அவருக்குப் பெண் பேசி, பேச்சு முறிந்து, அதன் பிறகே சீதா வந்தாள் என்பது தோட்டத்து நாய்களுக்கும் தெரியும். பழைய கதைதான். ஆனால் வீட்டுச் சோற்றில் நாலு வாய்க்குமேல் இறங்கவில்லை என்று தட்டைத் தள்ளுகிற மனுஷன் கியா பார்ம் சோளத்தை மட்டும் எப்படித் தின்றார்?

"ஞாயித்துக்கிழமை தின்னது புதன்கிழமையா வெளிய வரும்? அன்னைக்கு இங்கேருந்து போன காய்கறி லோரியே திரும்பி வந்துருச்சு லா. தினமும் அங்க சாப்பாடு, இங்க நடிப்பு."

துணிப்பை அலமாரியை விட்டுக் கட்டில் ஓரத்துக்கு வந்தது. மகள் வீட்டுக்குப் போகிறாளாம். சோறு நெஞ்சில் அடைப்பது ஏன் என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்க்கும் நாள்வரைதான் பொறுப்பாளாம்.

அதற்கு முந்தைய இரண்டு நாளும் தண்ணீர், தெளிந்த சூப்பு, வேறொன்றும் கூடாது என்று ஆஸ்பத்திரி சொல்லியிருந்தது. சீதா காவலிருந்தாள். நிறுவைக் கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்று, "இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தாள்.

"கிராணிக்கே கங்காணி வந்தாச்சு லா," என்றாள் கொழுந்தெடுக்கும் துளசி.

ஈப்போவில் தொண்டையை மரக்கவைத்துக் குழாயை இறக்கிய டாக்டர் யுவனேஸ்வரி, திரையைப் பார்த்து நின்றுவிட்டார். திரை நிறையச் சோளமணி.

"அங்கிள், சாப்பிட்டு வந்தீங்களா?"

வாயில் குழாய். இருளப்பனால் கண்ணை உருட்ட மட்டும்தான் முடிந்தது. அது திருடன் கண் மாதிரியே உருண்டது. தாதி வெளியே போய்ச் சீதாவிடம் கேட்பது காதில் விழுந்தது. தொலைந்தோம் என்று நினைத்தார்.

"இவரா? ரெண்டு நாளா என் கண்ணை விட்டு அசையல மிஸ்ஸி. ஒரு பருக்கை உள்ள போகல. நான் சாட்சி."

அடுத்து அவள் நாற்காலியில் பொத்தென்று உட்காரும் சத்தம் கேட்டது. தன் வாயால் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

பிறகு டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் படம் காட்டினார். "சாப்பாட்டுக் குழாய் அடியில பக்கவாட்டுல ஒரு பை தள்ளியிருக்கு. கீழ தசை இறுகிப்போய் வழி விடல. அதான் சாப்பாடு பையில தேங்கி, படுத்தா மேல வருது."

"அறுத்து எடுப்பீங்களா?" என்றாள் சீதா.

"இல்ல ஆன்ட்டி. வாய் வழியாவே போய், பைக்கும் குழாய்க்கும் நடுச்சுவத்தை வெட்டிவிடுவோம். இறுகின தசையையும் வெட்டித் தளத்திவிடுவோம். அப்புறம் தேங்காது."

மறுபடி வரச்சொல்லி, மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். விழித்த இருளப்பன் முதலில் நெஞ்சைத் தடவினார், பிறகு வயிற்றை.

"ஒரு தையல்கூட இல்ல. வெட்டினாங்களா, சும்மா தூங்கவெச்சு அனுப்புறாங்களா?"

"பேசாம படுங்க. எனக்கும் அந்தச் சந்தேகம்தான்."

சில வாரம் கஞ்சியில் போயிற்று. டாக்டர் இனி எதையும் சாப்பிடலாம் என்று சொன்ன அன்று, திரும்பும் வழியில் சீதா கியா பார்மில் காரை நிறுத்தச் சொன்னாள். நேரே குமுதாவின் கடை.

"பெரிசா ஒண்ணு குடு குமுதா."

இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, பரீட்சை எழுதும் பையன்போல அவர் மென்றார். சோளம் எங்கும் நிற்காமல் இறங்கியது.

மறுநாள் காலை சீதா தலையணையைப் புரட்டினாள். உறைக்குள் முழங்கைவரை கையை விட்டாள்.

"இல்ல," என்றாள்.

"அடிமூலையையும் பாத்துரு," என்றார் இருளப்பன், தொழில் தெரிந்தவராக.

பார்த்தாள். பிறகு கட்டில் ஓரத்திலிருந்த துணிப்பையை எடுத்து, துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.