நற்கடத்திக் கைப்பிடி

கெட்டில் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் முப்பதக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முப்பது அவள் வேலை. நூறு கெட்டிலுக்கு ஒன்றை எடுத்துத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, வெறுங்கையால் தூக்கி, முப்பது எண்ணும்வரை பிடித்திருந்து கோப்பையில் ஊற்றுவாள். கை சுடாவிட்டால் அந்த நூற்றுக்கும் முத்திரை. சோதனை அறைச் சுவரில் பழைய முதலாளி எழுதிவைத்த வரி ஒன்று உண்டு: 'தூக்கியவரே முத்திரை போடுவார்.' பதினொரு வருடப் பழக்கத்தில், வீட்டில் கணவர் கத்தினாலும் முப்பது எண்ணிவிட்டுத்தான் பதில் சொல்வாள். பாதிச் சண்டை பதினெட்டிலேயே ஆறிவிடும்.

மச்சான் சார் வந்து சேர்ந்தது சென்ற வருடம். முதலாளியம்மாவுக்கு ஒரே தம்பி. முதலாளி அவரை "மச்சான்" என்று கூப்பிட்டு மேலாளர் நாற்காலியில் உட்காரவைத்தார். அன்றிலிருந்து கூட்டிப் பெருக்குபவர் வரைக்கும் அவர் மச்சான் சார்தான். அவர் தலை விசேஷமான பொருளால் ஆனது. வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாது. உள்ளே ஏதாவது இருந்தால்தானே வெளியே வர? அந்தத் தலைக்குள் ஒரு பனிக்கட்டியை வைத்து மூடினால் கோடை முடியும்வரை உருகாது என்று வெல்டர் சத்தியம் செய்தார். சோதித்துப் பார்க்கத் தலைக்காரர் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. அதில் இரண்டே வரி. அலுமினியம்: நற்கடத்தி. மரம்: அரிதிற்கடத்தி.

வெப்பத்தைச் சுலபமாகக் கடத்துவது முதலாவது, லேசில் கடத்தாதது இரண்டாவது என்று பள்ளிக்கூடத்தில் பின்வரிசையில் தூங்கியவனுக்கும் தெரியும். மச்சான் சார் தூங்கக்கூடப் பள்ளிக்கூடம் போனதில்லை போலிருக்கிறது.

"பாத்தீங்களா! அரிதுன்னா என்ன? கிடைக்காதது. கிடைக்காத பொருள்ல போய் இத்தனை வருஷமா கைப்பிடி போட்டிருக்கோம். நல்லது பக்கத்துலயே கெடக்கு, நற்கடத்தின்னு நற்சான்றிதழே குடுத்திருக்கான்!"

இரண்டே வாரத்தில் மரக் கைப்பிடிகள் எல்லாம் கிடங்கின் பின்பக்கம் குப்பையாகக் குவிந்தன. மூவாயிரம் கெட்டில்களில் அலுமினியக் கைப்பிடி ஏறியது.

முப்பதக்கா ஒன்றைக் கொதிக்கவைத்துத் தூக்கினாள். நாலில் விட்டுவிட்டாள். "முத்திரை போட முடியாது சார்," என்றாள்.

மச்சான் சார் ஒரு கையில் பழைய மரப்பிடியையும் மறுகையில் புதிய பிடியையும் எடுத்துக்கொண்டு வந்தார். "தொட்டுப் பாரும்மா. மரம் கதகதன்னு இருக்கு. இது ஜில்லுன்னு இருக்கு. ஜில்லுன்னு இருக்கறது எப்படிச் சுடும்?"

"ரெண்டும் ஒரே சூடுதான் சார், ஒரே மேஜையில கெடந்தது. உங்க கைச் சூட்டை அலுமினியம் சட்டுனு உருவிக்குது, அதான் ஜில்லுங்குது. இப்ப உங்ககிட்ட உருவறது, அடுப்புல வச்சா அடுப்புகிட்ட உருவி உங்ககிட்ட குடுக்கும். வாங்கறதுலயும் வேகம், குடுக்கறதுலயும் வேகம்."

"அப்ப சூடு நடந்து வருதாக்கும்? காலு இருக்கா அதுக்கு?"

"காலையில ஃபேக்டரி கேட்டுல நாம வரிசையில நிக்கறோம். பின்னால ஒருத்தன் தள்ளறான். யாரும் எடத்தை விட்டு நகரல, ஆனா முன்னால நிக்கறவன் காவலாளி மேல போய் விழறான். இடி மட்டும் கை மாறி வருது பாருங்க, அது மாதிரி. அடிப்பக்கத்துத் துகள் பக்கத்துத் துகளை இடிக்கும், அது அதுக்கு அடுத்ததை. மரத்துல அந்த வரிசை தூங்குமூஞ்சி வரிசை. கைக்கு வந்து சேர நேரமாகும்."

"வரிசையில தள்ளுமுள்ளு பண்றவங்க பேரைக் குறிச்சுக் குடு," என்றார் மச்சான் சார். அவருக்குப் புரிந்தது அதுதான்.

வெள்ளிக்கிழமை லாரி வரும். அதற்குள் மூவாயிரத்துக்கும் முத்திரை வேண்டும். விஷயம் முதலாளியிடம் போனது. முதலாளி சிங்கம்தான், வீட்டு வாசல்வரைக்கும். மனைவியின் முகத்தை நினைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "தூக்கறவங்கதான் முத்திரை போடணும்னு எழுதியிருக்கில்ல? மச்சான் தூக்கட்டும். தூக்கிட்டார்னா முத்திரை அவர் கைக்குப் போகட்டும். அப்புறம் நீங்க வீட்ல ஓய்வெடுங்கம்மா."

அவள் கணவர் பேருந்து ஓட்டி முதுகு போய் இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தார். அந்த வீட்டில் எழுந்து வேலைக்குப் போவது அவள் ஒருத்திதான். அன்றிரவு அவர் ஏதோ கேட்டதற்கு அவள் நூறுவரை எண்ணிவிட்டு விளக்கை அணைத்தாள்.

மறுநாள் காலை சோதனை அறையில் கூட்டம் நெரிந்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மச்சான் சார் கையுறையை எடுத்தார்.

"பெட்டிக்குள்ள கையுறை வச்சு அனுப்பறோமா சார்?" என்று கேட்டாள் முப்பதக்கா.

கையுறை மறுபடி பைக்குள் போனது. அவர் வெறுங்கையால் தூக்கினார். அவள் எண்ணினாள். நாலு. ஐந்து. வீம்பு இருக்கிறதே, அது மரத்தைவிட நல்ல தடுப்பு, ஆனால் மெல்லியது. ஏழில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் கன்னத்திலேயே ஆவியானதைப் பார்த்தேன் என்று வெல்டர் இன்றைக்கும் சொல்வார். ஒன்பதில் கெட்டில் தரைக்குப் போனது. மச்சான் சார் கூரைக்குப் போய்த் திரும்பினார்.

"தண்ணி ரொம்பக் கொதிச்சுருக்கு!"

"தண்ணிக்கு ரொம்பக் கொதிக்கத் தெரியாது சார். கொதி வந்துட்டா அதே சூடுதான்."

தோற்றதாக ஒப்புக்கொள்ளும் பழக்கம் அந்தக் குடும்பத்திலேயே கிடையாது. புதன்கிழமை கைப்பிடிக்குத் துணி சுற்றினார். ஆவி பட்டு நனைந்த துணி வெறும் பிடியைவிடப் பிரமாதமாகச் சுட்டது. வியாழன் காலை கயிறு சுற்றினார். அடுப்புத் தீ நக்கிக் கயிறு கருகி, அறை முழுக்கச் சாக்கு எரிந்த வாடை. மத்தியானத்துக்குள் இரண்டு கையிலும் கட்டு. நடந்து நடந்து கிடங்கின் பின்பக்கம் போனவர், ஒரு மணி நேரம் கழித்து ஓடி வந்தார். கட்டுப் போட்ட கையில் ஒரு கெட்டில். அதன் அலுமினியப் பிடிமேல், குப்பையில் கிடந்த மரப்பிடியை இரண்டாகப் பிளந்து வைத்துத் திருகாணி முடுக்கியிருந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன்! ரெட்டைக் கவசப் பிடி! உலகத்துலயே எவனும் யோசிக்கல!"

முதலாளி அவரைக் கட்டிக்கொண்டார். கை தட்டச் சொன்னதால் எல்லோரும் கை தட்டினார்கள். வெல்டர் மட்டும் இருமல் வந்ததுபோல வெளியே போய் அரைமணி நேரம் இருமினார். இரவெல்லாம் மரப்பிடிகள் பிளக்கப்பட்டன.

லாரி வாசலில் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. தூக்கியவர்தான் முத்திரை போடவேண்டும். தூக்கவேண்டியவரின் கை இரண்டும் பஞ்சுப் பொதியாக இருக்கிறது. கண்டுபிடிப்பாளர் சோதனை அறை வாசலில் வந்து நின்றார். இத்தனை நாள் 'ஏம்மா' என்றவர், "அக்கா, நீங்க கொஞ்சம்..." என்று இழுத்தார்.

அவளுக்குச் சொல்ல வாயில் நிறைய வந்தது. முப்பது எண்ணினாள், வந்ததெல்லாம் திரும்பிப் போனது. கெட்டிலைக் கொதிக்கவைத்துத் தூக்கினாள். முப்பதுக்கு வந்தும் நிறுத்தவில்லை. நாற்பது, ஐம்பது. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மச்சான் சாருக்கு நெற்றியில் வியர்த்தது. அறுபதில் சொட்டுச் சிந்தாமல் கோப்பையில் ஊற்றினாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"மரம் நல்லா இருக்கு சார்."

"மரம் இல்லக்கா. ரெட்டைக் கவசம்."

"சரி சார்," என்று முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டு, அடுத்த நூற்றுக்கான கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள்.